எர்த்து அண்ணாவும் ஏழு கலர் பெட்டியும்

கம்ப்யூட்டர் வாங்கப் போனவனைப் பார்த்து, "உன் பொண்டாட்டி எந்தப் பக்கம் தல வெச்சிப் படுக்கும்?" என்று கேட்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் திருப்பதியில் இருக்கிறார். அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டபோது நான் கோபப்பட்டு எழுந்து வந்துவிடவில்லை. எழத்தான் பார்த்தேன். நாற்காலியின் உடைந்த கையில் என் சட்டை மாட்டிக்கொண்டுவிட்டது.

அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. கடைக்குப் பலகையும் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டிபன் கடை, அதற்கு மேல் மாடியில் பத்துக்குப் பத்து அறை. தரை முழுக்க ஒயரும் ஸ்க்ரூவும் கழற்றிப் போட்ட பெட்டிகளும். நடுவில், கீழே லுங்கியும் மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுமாக ஒரு ஒல்லி மனிதர். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். தமிழ்க்காரர்களுக்கும் தெலுங்குக்காரர்களுக்கும், டிபன் கடைச் சரக்கு மாஸ்டருக்கும், கரண்டு பில் கொடுக்க வருகிறவருக்கும் அவர் எர்த்து அண்ணாதான்.

யார் எந்த கம்ப்யூட்டர் கேட்டு வந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, "வீட்ல எர்த்து கீதா?" என்பதுதான். சுவரில் பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருக்கிறதே, அதில் மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் உண்மையிலேயே மண்ணுக்குப் போகும் ஒயர் இருக்கிறதா என்பது அவர் கவலை. நாம் "இருக்கும்ணா" என்றால் நம்பமாட்டார். இரண்டு ஒயரும் ஒரு குண்டு பல்பும் மாட்டிய ஹோல்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிடுவார். பல்பு பளிச்சென்று எரிந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. அதையும் சாதாரணமாகப் பேசமாட்டார். அவர் திருப்பதியில் நின்று "சரி" என்று சொன்னால் ரேணிகுண்டாவில் கார்டு பச்சைக்கொடி காட்டி ரயிலை அனுப்பிவிடுவார். அப்படி ஒரு குரல்.

பங்காருபாளையத்தில் ஒரு மாங்காய் மண்டிக்காரர். கணக்கு வழக்குக்கும் ஆகவேண்டும், பிள்ளைகள் விளையாடவும் ஆகவேண்டும், இருப்பதிலேயே பெரிய கம்ப்யூட்டராகப் போடு என்று அண்ணாவை ஜீப் வைத்து அழைத்துப் போனார். அண்ணா வீட்டுக்குள் போனார், பல்பை வைத்தார், பல்பு எரியவில்லை. நேரே கொல்லைக்குப் போய், "இங்க ஆளு ஒசரத்துக்கு ஒரு பள்ளம் தோண்டுங்க" என்றார்.

"ஏமய்யா, நான் கம்ப்யூட்டர் கேட்டேனா, கெணறு கேட்டேனா?" என்றார் மண்டிக்காரர்.

"ரெண்டும் ஒண்ணுதான். மொதல்ல பள்ளம்."

மண்டி ஆட்கள் இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டே தோண்டினார்கள். அண்ணா அதில் இரும்புக் குழாயை நட்டு, கரியும் உப்பும் கொட்டி, குழாய் வாயில் ஒரு புனல் வைத்து மூடினார். "தினம் ஒரு கொடம் தண்ணி இதுல ஊத்தணும். காய விடக்கூடாது" என்று வீட்டம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தார். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனார், நானும் கூட இருந்தேன். கொல்லையில் எட்டிப் பார்த்தால் குழாய்க்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்பு ஜாக்கெட் துணி சுற்றியிருக்கிறது. முன்னால் விளக்கு. வீட்டம்மா ஈரத் தலையோடு குடத்துத் தண்ணீரைப் புனலில் ஊற்றி மூன்று சுற்றுச் சுற்றி வருகிறார்கள். உப்பையும் கரியையும் கொட்டி மூடி, தினமும் தண்ணீர் ஊற்றச் சொன்னதில் அந்த அம்மாவுக்கு இது ஏதோ பரிகாரம் என்று பட்டிருக்கிறது. அக்கம் பக்கத்தில் இரண்டு வீட்டிலிருந்தும் வெள்ளிக்கிழமை வந்து கும்பிடுகிறார்களாம்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அண்ணா என் தொடையில் கிள்ளினார். உள்ளே போய்ப் பல்பை வைத்தார். கண் கூசுகிற அளவுக்கு எரிந்தது.

"பாத்தியா? கரண்டு ஆபீஸ்ல கூட இப்டி எர்த்து கெடையாது. கும்புட்டுக்கினே இருக்கட்டும்" என்றார். வரும்போது அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

என் கதைக்கு வருகிறேன். எனக்குச் சொந்த ஊர் சித்தூர், குடியிருப்பது திருப்பதியில். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். தினமும் போக வரவே நாலு மணி நேரம் பஸ்ஸில் போய்விடும். அப்போதுதான் சென்னையில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி ஒரு வேலை கொடுத்தது. இன்னும் கட்டாத அபார்ட்மெண்டைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் படமாக ஓட்டிக் காட்டவேண்டும். படத்தில் நீச்சல் குளத்துத் தண்ணீர் மின்னும், பால்கனியில் செடி ஆடும். நேரில் போனால் முள்வேலியும் நாலு எருமையும் இருக்கும். முதல் படத்தைப் பார்ப்போம், சரியாக வந்தால் நிரந்தரம் என்றார்கள். நான் பழைய வேலையை விட்டுவிட்டேன். என் மனைவி புவனாவிடம் கேட்டுவிட்டுத்தான் விட்டேன் என்று எழுத ஆசை. விட்டுவிட்டுத்தான் கேட்டேன்.

புவனா நர்ஸ். குடியாத்தத்துக்காரி. அந்த வருஷம் முழுக்க அவளுக்கு நைட் டியூட்டி. காலை எட்டரைக்கு வருவாள், இரண்டு இட்லியைத் தின்றுவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தால் நாலு மணி வரை தூங்கவேண்டும். எங்கள் வீடோ ஒரே ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும். கட்டிலும் மேசையும் அந்த ஒரே அறையில். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினால் அவள் கால் கட்டைவிரலில் இடிக்கும். அவள் தூங்குகிற நேரம்தான் என் வேலை நேரம். வேலை முடிந்தால் சாயங்காலம் எனக்கு ஒரு விளையாட்டு வேறு உண்டு. நூறு பேர் ஒரு தீவில் குதித்து ஒருவரை ஒருவர் சுட்டு, கடைசியில் ஒருத்தன் மிஞ்சுகிற விளையாட்டு. இரண்டுக்கும் சேர்த்து ஒரு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும் என்றுதான் எர்த்து அண்ணா மாடிப்படி ஏறினேன்.

புவனா பகலில் தூங்குகிறவள் என்றதால் வந்த அந்தத் தலை வைத்துப் படுக்கும் கேள்விக்கு நான் கிழக்கே என்று பதில் சொன்னதும், மறுநாளே பல்போடு வந்துவிட்டார். எர்த்து சுமார்தான். அவரே ஒரு ஒயர் இழுத்துச் சரி செய்தார். பிறகு புவனாவைப் பார்த்து, தெலுங்கில் அம்மா என்று கூப்பிடுகிற மாதிரி, "தல்லி, கொஞ்சம் கட்டில்ல படு. கண்ண மூடிக்கோ" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் படுத்ததும், அண்ணா போனில் பதிவு செய்து வைத்திருந்த ஃபேன் சத்தங்களை மேசைக்குக் கீழே வைத்து ஒவ்வொன்றாக ஓட்டினார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் மாற்றி மாற்றிக் கேட்பார்களே, அந்த மாதிரி.

"இது நல்லாகீதா, இல்ல மொதல்ல போட்டது நல்லாகீதா?"

"மொதல்லது."

"இது?"

"இது கொசு மாதிரி கீதுண்ணா."

"கொசு ஒத்து, வேணாம். இப்ப இது?"

பதில் வரவில்லை. அவள் நிஜமாகவே தூங்கிவிட்டிருந்தாள். அண்ணா ஒரு வெற்றிப் புன்னகையோடு அந்த ஃபேனின் பெயரைக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். தெலுங்கில்தான் குறித்தார். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் படித்தது தெலுங்கு மீடியம். அவருக்குத் தமிழ் எழுத வராது.

அடுத்து என் முறை. பழைய லேப்டாப்பில் என்னை விளையாடச் சொல்லி, கைகட்டிப் பின்னால் நின்றுகொண்டார். பரீட்சை ஹாலில் கூட நான் அவ்வளவு வியர்த்தது கிடையாது.

"இப்ப இன்னா ஆச்சி?"

"செத்துட்டேன்ணா."

"குதிச்சி ரெண்டு நிமிஷம் ஆவலயே."

"லேப்டாப் ஸ்லோண்ணா. ஃப்ரேம் பத்தல. திரையில படம் வேகமா மாறணும். பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டா செகண்டுக்கு நூத்திநாப்பது படம் மாறும், ஆட்டம் வழவழன்னு ஓடும்."

"இன்னோர் ஆட்டம் ஆடு."

ஆடினேன். ஒரு கிணற்றடியில் ஒளிந்துகொண்டிருந்தபோது, என் குண்டு என் காலடியிலேயே வெடித்துச் செத்தேன். அண்ணா பெருமூச்சு விட்டார்.

"நைனா, நூத்திநாப்பதுல செத்தாலும் சாவுதான், அறுபதுல செத்தாலும் சாவுதான். உனுக்கு நடுவாந்தரம் கார்டு போதும்."

அப்புறம் சீட்டு எழுத உட்கார்ந்தார். ஊரில் எல்லாரும் முதலில் கிராபிக்ஸ் கார்டையோ புராசஸரையோ முடிவு செய்வார்கள். இவர் முதலில் எழுதுவது எஸ்.எம்.பி.எஸ். அது சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி மற்ற உறுப்புகளுக்கெல்லாம் அளந்து பரிமாறுகிற இரும்பு டப்பா. யார் கண்ணுக்கும் தெரியாமல் பெட்டியின் மூலையில் கிடக்கும். "எலைக்குப் பரிமாறுறவன் மயங்கி வுயுந்தா பந்தி அவ்ளோதான்" என்பார். அதில் மட்டும் ஒரு ரூபாய் குறைக்க விடமாட்டார். பிறகு புராசஸர் சூட்டைத் தணிக்கப் பெரிய கூலர், மெதுவாகச் சுற்றும் மூன்று ஃபேன், முகப்பில் கம்பிவலை வைத்த கறுப்பு கேபினட், வேலைக்குத் தேவையான மெமரி, நல்ல புராசஸர். கடைசி வரியில் பாவம் போல என் கிராபிக்ஸ் கார்டு.

எனக்கு மனசு ஆறவில்லை. ஏனென்றால் ஒரு வருஷமாக நான் ஒரு பெட்டியைக் கனவு கண்டுகொண்டிருந்தேன். மூன்று பக்கமும் கண்ணாடி. உள்ளே ஒன்பது ஃபேன். ஒவ்வொன்றிலும் ஏழு கலர் லைட்டு ஓடும்.

"அண்ணா, லைட்டு..."

"லைட்டு வேணும்னா சீரியல் செட்டு வாங்கி வாசல்ல கட்டு. பிரம்மோற்சவம் மாதிரி எரியும், ஊரே பாக்கும். தூங்குற ரூம்ல எதுக்கு?"

அவரே சென்னைக்குப் போய் எல்லாவற்றையும் வாங்கிவருவதாகச் சொன்னார். ஒருமுறை காளஹஸ்தி வாத்தியார் ஒருவருக்கு வாங்கிய ஃபேன் 'டிக்கு டிக்கு' என்கிறது என்று, அதை மாற்ற மூன்று தடவை சென்னைக்கு ரயில் ஏறியவர் அவர். வாத்தியாருக்கு அந்த டிக்கு கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம். நான், "எனக்கே சென்னையில வேல இருக்குதுண்ணா, நானே வாங்கிக்கினு வந்துடறேன்" என்றேன். அங்கேதான் சனி பிடித்தது.

சென்னைக் கடையில் அந்த ஏழு கலர் பெட்டி கண்ணாடி அலமாரியில் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரப் பையன் சீட்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தான். "எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு யாராவது இவ்ளோ போடுவாங்களா சார்? கரண்டு கரண்டுதானே." அவ்வளவுதான். நான் கறுப்பு கேபினட்டை வெட்டினேன், கூலரை வெட்டினேன், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருப்பதிலேயே மட்டமானதை எடுத்தேன். மிச்சத்தில் பெரிய கார்டும் ஏழு கலர் பெட்டியும் வாங்கிக்கொண்டு, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அண்ணாவிடம் காட்ட முகம் ஏது? போனில் வீடியோ பார்த்து நானே மாட்டினேன். அவரிடம், "பணம் வரலண்ணா, அடுத்த மாசம் பாக்கலாம்" என்று ஒரு பொய். புவனாவிடம், "அண்ணாதான் இதப் போடச் சொன்னார்" என்று இன்னொரு பொய்.

ஏழு கலரும் முதல் நாளே புவனா முகத்தில் ஓடியது. தூங்குகிறவள் முகம் ஒரு நிமிஷம் பச்சை, ஒரு நிமிஷம் ஊதா. துப்பட்டாவைக் கண்ணில் கட்டிக்கொண்டாள். வேலை ஓட ஆரம்பித்தால் ஒன்பது ஃபேனும் சேர்ந்து ஊளையிடும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த வேலை நிரந்தரமாகவேண்டும் என்று அவளும் வேண்டிக்கொண்டிருந்தாள். லைட்டை அணைக்க வழி தேடினேன். அதற்கு ஒரு ரிமோட் உண்டாம், அது பெட்டியோடு வரவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் அவள் வந்து, டிபன் கேரியரைக் கூடக் கீழே வைக்காமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒரு பேஷண்டு மாத்திரைய இன்னொரு பெட்டுக்கு எடுத்துக்கினு போயிட்டேங்க. அந்த அம்மா கையில வெக்கற வரைக்கும் போயிட்டேன். பேரு கேட்டதுனால தப்பிச்சேன். கண்ணு சொருகுது. நெஜமா முடியலங்க."

எனக்கு என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் சென்னைக்குப் படம் அனுப்பவேண்டிய கடைசி நாள். சாயங்காலம் ஆறு மணிக்குள் போகாவிட்டால் வேலை இல்லை. கம்ப்யூட்டர் விடாமல் நாலு மணி நேரம் ஓடினால்தான் படம் முழுசாகும். நடுவில் நின்றால் மறுபடியும் முதலிலிருந்து. அக்கினி நட்சத்திர வெயில். காலை எட்டரைக்கு ஓட்டினேன், பத்து மணிக்குப் 'பொட்'டென்று அணைந்தது. மறுபடி ஓட்டினேன். பதினொன்றரைக்குப் 'பொட்'. பெரிய கார்டு கேட்கிற கரண்டை அந்த மட்டமான டப்பாவால் கொடுக்க முடியவில்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். புவனா எழுந்தாள், அவளுடைய போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாண்ணா, இப்டி ஒரு பொட்டிய போடச் சொல்லிட்டீங்க? லைட்டும் சத்தமும், தூங்க முடியல. இப்ப அணைஞ்சி அணைஞ்சி வேற போவுது."

நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"ஆமாந்தல்லி. தப்பு எம்மேலதான். இதோ வந்துகினே கீறேன்" என்றார்.

அரை மணி நேரத்தில் பையோடு வந்து நின்றார். ஏழு கலர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டுவார், திட்டினால் நிம்மதி என்று காத்திருந்தேன். அவர் புவனாவைப் பார்த்து, "நீ படு தல்லி. ராத்திரி டியூட்டி கீது. நாங்க சத்தம் போடமாட்டோம்" என்றார்.

ரேணிகுண்டாவுக்குக் கேட்கும் குரல் கிசுகிசுக்க முயற்சி செய்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். வாய் அசைந்தது, காற்று வந்தது, வார்த்தை வரவில்லை. இரண்டு தடவை முயற்சி செய்து இருமல் வந்துவிட்டது. கடைசியில் அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதில் தெலுங்கில் எழுதினார்: "எவன் வித்தான்?"

நான் எழுதினேன்: "நான்தாண்ணா வாங்கினேன்."

"அது தெரியுது. எவன் வித்தான்?"

ஸ்க்ரூ டிரைவர் ஒன்று மேசையிலிருந்து உருண்டது. தரையில் விழுவதற்குள் காலை நீட்டிப் பாதத்தில் வாங்கினார். வலியில் அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது, ஆனால் சத்தம் வரவில்லை. லைட்டுக்குப் போகும் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒரு பக்கக் கண்ணாடியைக் கழற்றிக் காற்றுக்கு வழி விட்டார். என் மட்டமான டப்பாவை எடுத்துவிட்டு, பையிலிருந்து ஒரு எஸ்.எம்.பி.எஸ். எடுத்து மாட்டினார். பழசுதான், ஆனால் சீட்டில் முதல் வரியில் எழுதினாரே, அதே ரகம். கார்டு கரண்டு குடிக்கும் அளவைக் குறைத்தார். ஃபேன்களை அரை வேகத்துக்கு இறக்கினார். ஒன்றரை மணிக்கு மறுபடி ஓட்டினோம். பெட்டி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் ஓடியது. புவனா காதிலிருந்த பஞ்சு தானாகத் தலையணையில் விழுந்து கிடந்தது.

நாலு மணி நேரம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து திரையையே பார்த்தோம். நாலு மணிக்கு எழவேண்டியவள் எழவில்லை, இருவருமே எழுப்பவில்லை. ஐந்தரைக்கு முடிந்தது. ஆறுக்குப் பத்து நிமிஷம் முன்னால் படம் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணா அட்டையைத் திருப்பி எழுதினார்: "அந்த டப்பா உங்கிட்டயே இருக்கட்டும். புதுசு வந்ததும் குடு." செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் புவனாவை எழுப்பி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பொய் இரண்டையும்.

"எனுக்குத் தெரியாதா? எங்காதாண்ட அத்தினி ஃபேனு ஓட்டிக் காட்டன மனுஷன் இந்தப் பொட்டிய எழுதுவாரா? நீங்க கூப்புட மாட்டீங்க. அதான் நான் கூப்ட்டேன்" என்றாள்.

மூன்றே நாளில் வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. நான் சென்னைக்குச் சொல்லி, புது எஸ்.எம்.பி.எஸ். வரவழைத்து மாட்டினேன். அண்ணாவுக்கு நன்றி சொல்லவேண்டுமே என்று, சத்தமே இல்லாத ஒசத்தி ஃபேன் ஒன்றும் வாங்கினேன். கடை இரண்டு நாளாகத் திறக்கவில்லை என்று டிபன் கடையில் சொன்னார்கள். புவனாவுக்கு அன்றைக்கு லீவு. அவருடைய பழைய டப்பா, புது ஃபேன், கத்தரிக்காய்க் குழம்பு, சோறு எல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக, ரேணிகுண்டா ரோட்டில் மாடியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் வீட்டுக்கு நான் அதுவரை போனதே இல்லை.

கதவைத் திறந்தவரைப் பார்த்துப் புவனா திடுக்கிட்டுவிட்டாள். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். சட்டையில் இஸ்திரி இல்லை.

"இன்னாண்ணா ஒடம்புக்கு?"

"ஒண்ணுமில்ல தல்லி. தூக்கம் இல்ல. அஞ்சி நாளா."

அறை மூலையில் அவருடைய கம்ப்யூட்டர் பிரித்த நிலையில் நின்றது. அதில் எஸ்.எம்.பி.எஸ். இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. தன் சொந்தப் பெட்டியிலிருந்து பிடுங்கித்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் டப்பாவை எடுத்து நானே மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன்.

அடேயப்பா! என்ன சத்தம்! பெட்டியின் பின்னால் இருந்த பழைய ஃபேன் 'கர்ர்ர்' என்று இழுத்து, ஒரு விநாடி நின்று, 'புஸ்ஸ்' என்று விட்டு, மறுபடியும் 'கர்ர்ர்' என்றது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. ஊருக்கெல்லாம் சத்தமில்லாத பெட்டி போடுகிற மனிதர் வீட்டில் இப்படி ஒரு அரிசி மில்லா? எனக்குச் சிரிப்பும் வந்தது, சந்தோஷமும் வந்தது. வாங்கி வந்த பரிசுக்கு வேலை வந்துவிட்டதே.

"இத மொதல்ல கழட்டிப் போடறேண்ணா. உங்களுக்குன்னே புதுசு வாங்கியாந்தேன்" என்று ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன்.

அண்ணா பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஒத்து நைனா. அதத் தொடாதே."

"ஏண்ணா?"

அவர் கையை விடவில்லை.

"எங்க வீட்டம்மா போயி நாலு வருஷம் ஆவுது. அது கொறட்ட வுடும் பாரு, கீழ் வூட்டுக்காரன் வந்து கதவத் தட்டுவான். இருவத்தாறு வருஷம் திட்டிக்கினேதான் படுத்தேன். அது போனப்பறம் வீடு கம்முன்னு ஆயிடுச்சி. கண்ண மூடினா பயமா கீது. அப்பதான் இந்த ஃபேனு தேஞ்சி, இப்டி ஓட ஆரம்பிச்சிது. அப்டியே அவ கொறட்ட. நான் அணைக்கறதே இல்ல."

புவனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். அந்த ஐந்து நாளும் எங்கள் வீட்டில் நாங்கள் தூங்கியது இவருடைய தூக்கத்தை என்று அப்போதுதான் உறைத்தது. அந்த மனிதரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் அதெல்லாம் வராது. "சாப்புடுங்கண்ணா" என்றேன்.

புவனா சோறு பிசைந்து தட்டில் வைத்தாள். நாலு வாய் தின்றார். ஐந்தாவது வாய்க்குக் கை தட்டிலிருந்து எழவில்லை. சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். புவனா அவர் கையைத் துடைத்துவிட்டு, தலைக்கு ஒரு தலையணையைக் கொடுத்துப் பாயில் சாய்த்தாள். ஃபேன் கர்ர்ரென்று இழுத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணாவும் கூடச் சேர்ந்து இழுக்க ஆரம்பித்தார்.

நாங்கள் கதவை மெல்லச் சாத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு படி இறங்கினோம். உள்ளே நடந்த அந்தக் கச்சேரியில், நாங்கள் தவில் அடித்துக்கொண்டு இறங்கியிருந்தால் கூட அவருக்குக் கேட்டிருக்காது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.